வரிசையில் நின்ற சாம்பல் நிறக் கார்

அத்தியாயம் 11

பெரீனாவின் தலைக்கு மேல் ஒரு பெட்டி உருண்டது.

சுவரோரத்திலிருந்து கதவு வரை உருண்டு, நின்று, மறுபடி உருண்டது. அதில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும். வருஷாவருஷம் வந்து தங்கும் ரெனாட்டேயின் பெட்டி அது. பதினோரு வருஷமாகத் தன் வீட்டுத் தரையில் உருண்ட பெட்டியின் சத்தம் பெரீனாவுக்குத் தெரியாமல் போகுமா?

இந்த வருஷம் அது மாடியில் உருண்டது. மாடி, ஓரகத்தி சென்காவினுடையது.

போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பவேரியாவிலிருந்து மலைச் சுரங்கங்களையெல்லாம் கடந்து காரோட்டி வந்து, ஸ்ப்ளிட் துறைமுகத்தில் கப்பலேறி, எங்கள் தீவில் இறங்கிய ஃபோல்கரும் ரெனாட்டேயும் பெரீனாவின் வாசலில் நிற்கவே இல்லை. சலவை செய்த விரிப்பும், மேஜையில் அத்திப்பழமுமாக அவள் காத்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு கல்படியேறி மாடிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கே பெரீனா அந்த அறையை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு போலந்துக்காரப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் துவாலையில் சங்கிலி எண்ணெயைத் துடைத்துவைத்தது தனிக் கதை.

அதற்கப்புறம் இரண்டு வாரம். மாடியில் நாற்காலி இழுபட்டால் இவளுக்கு இங்கே வயிறு எரிந்தது. ரெனாட்டே சிரித்தால் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள். ரெனாட்டே வருஷாவருஷம் கொண்டுவரும் இஞ்சி பிஸ்கட் டப்பா சென்காவின் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு தேவதைப் படம். போகவர அது பெரீனாவைப் பார்த்துச் சிரித்தது.

"பாத்துட்டே இருந்தா டப்பா கீழ வந்துடுமா?" என்றான் யெர்கோ. அவள் புருஷன். துறைமுகத்தில் கப்பலுக்குள் கார்களை ஏற்றி அடுக்குகிற வேலை அவனுக்கு. கையசைத்துக் கையசைத்துத் தோள் அகன்றவன். வீட்டில் அதிகம் பேசமாட்டான்.

"எனக்கு எந்த டப்பாவும் வேணாம்."

"அப்பறம் ஏன் முணுமுணுக்கிற?"

"கேக்கறேன், அவ கிட்ட அப்படி என்ன இருக்கு? கடலே பாக்காத ஊர்லேருந்து வந்தவ. மீனை வெந்நீர்ல போட்டு எடுத்துட்டு அதுக்குக் கறின்னு பேர் வெக்கிறா. அவ கையால சாப்பிட என் விருந்தாளிங்க மாடி ஏறிப் போயிட்டாங்க!"

யெர்கோ காலணியின் கயிற்றை மிக அக்கறையாகக் கட்டினான். "இன்னிக்கு யூகோ வருது. சாயங்காலக் கப்பல் கிடையாது. மத்தியானக் கப்பலோட சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

யூகோ என்பது தெற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று. வந்தால் சாமானியத்தில் போகாது. செப்டம்பர் பாதியில் அது வருகிறது என்று வானொலியில் சொன்னதும், மிச்சமிருந்த பயணிகள் அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். போலந்துப் பையன்களும் விடிகாலையில் கிளம்பிவிட்டார்கள். பெரீனாவின் அறை காலி.

மாடிக்கு மட்டும் இன்றைக்கு மத்தியானமே அடுத்த விருந்தாளிகள் வருகிறார்கள். ப்ராக் நகரத்துக் குடும்பம், நான்கு பேர். எப்படியும் கார் நிறைய இறைச்சி டப்பா ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள், தீவில் ஒரு தக்காளி கூட வாங்கமாட்டார்கள் என்று பெரீனா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் காற்றடிக்கிற நாளில்கூட சென்காவுக்கு ஆள் வருகிறதே!

---

பத்தரை மணி வாக்கில் யெர்கோவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெரீனா துறைமுகத்துக்கு நடந்தாள்.

கப்பலுக்கு இடம் பிடிப்பதில் எங்கள் தீவுக்கென்று ஒரு முறை உண்டு. காரை முன்கூட்டியே கொண்டுபோய்த் துறைமுகச் சாலையில் வரிசையில் விட்டுவிடுவோம். சாவி அதிலேயே இருக்கும். விட்டவர் வீட்டுக்குப் போய்க் குளிப்பார், சாப்பிடுவார், சண்டை போடுவார். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவரோ, சும்மா அந்தப் பக்கம் போகிறவரோ ஏறி உட்கார்ந்து நாலடி முன்னால் தள்ளி விடுவார்கள். யாருடைய கார் என்று பார்ப்பதில்லை. அப்பனோடு பேசாதவனின் காரைக்கூட நகர்த்தித்தான் ஆகவேண்டும். திருட்டு பயமும் கிடையாது. திருடினவனும் அதே வரிசையில்தானே வந்து நிற்க வேண்டும்?

விருந்தாளியின் காரை வரிசையில் விடுவது வீட்டுக்காரியின் பொறுப்பு. சென்கா மணமாகி வந்த புதிதில், சாவியை அதிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னதும் மிரண்டுபோனாள். பெரீனாதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இன்று வரிசை தேவாலய முனை வரைக்கும் நீண்டிருந்தது. காலையில் வந்த சரக்குப் படகு கொஞ்சம் கார்களை ஏற்றிக்கொண்டு போனதால், முன்பகுதி அப்போதுதான் நகர்ந்து துறைமேடைக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு கார் மட்டும் அசையாமல் நின்றது.

சாம்பல் நிறக் கார். பவேரிய எண் பலகை. பின்கண்ணாடி ஓரத்தில் ரெனாட்டேயின் வைக்கோல் தொப்பி.

சாவி அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பின்னால் இருந்த காரிலிருந்து ஓர் இத்தாலிக்காரர் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. தீவுக்குப் புதியவர் என்பது அவர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

"அம்மா, இது யாரோட கார்? ரொம்ப நேரமா ஆளையே காணோம். முன்னால எல்லாரும் போயிட்டாங்க. நான் என்ன செய்ய?"

எங்கள் தீவில் பிறந்த எவரும் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான். பதில்கூட இல்லை, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். பெரீனாவின் கையும் கதவுப்பிடி வரைக்கும் போனது.

உள்ளே, ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஒரு பை இருந்தது. அதில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு ரொட்டி. வழிக்குச் சாப்பிட சென்கா கட்டிக் கொடுத்தது. துணியின் நுனியில் முடிச்சுப் போட்டு ஒரு லாவெண்டர் கொத்தைச் செருகியிருந்தாள்.

பதினோரு வருஷமும் வழிச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது பெரீனா. லாவெண்டர் செருகியது பெரீனா. அது அவளுடைய பழக்கம்! அதைக்கூட எடுத்துக்கொண்டாளா அவள்?

கை தானாகவே கதவிலிருந்து இறங்கியது.

"சுத்திக்கிட்டுப் போங்க," என்றாள் இத்தாலி மொழியில். "இந்தக் கார் இன்னிக்குப் போகாது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமாத்தான். போங்க போங்க."

அவர் சுற்றிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இருந்தவர் போனார். அதற்குப் பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்த வண்டி போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்னால் போகிறவன் சுற்றினால் பின்னால் வருகிறவனும் சுற்றுவான், அவ்வளவுதான்.

அவள் யாரையும் திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். சாயங்காலக் கப்பல் இல்லை. மாடியில் ப்ராக் குடும்பம். கீழே அறை காலி. ஒரே ஒரு ராத்திரி, அவர்கள் தன் மேஜையில் உட்கார வேண்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

---

கப்பல் வந்தது. ப்ராக் குடும்பத்தைக் கக்கியது. வரிசையை விழுங்கியது. பெரீனா விட்ஸ்கோவின் காப்பிக்கடை வாசலில், வேறு எங்கேயோ பார்க்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கப்பலின் வாய் மூடத் தொடங்கும்போது சென்கா ஓடிவந்தாள். பின்னால் பெட்டிகளோடு ஃபோல்கரும் ரெனாட்டேயும். துறைமேடையில் ஒரு கார் இல்லை. தூரத்தில், துறைமுகச் சாலையில், சாம்பல் நிறக் கார் மட்டும் தனியாக நின்றது.

"யெர்கோ மச்சான்! நிறுத்துங்க! ஒரு கார் தான்!"

யெர்கோ இரண்டு கைகளையும் விரித்தான். "நிரம்பிடுச்சும்மா. ஒரு சைக்கிளுக்குக் கூட இடமில்ல."

சென்கா நடுத்தெருவில் நின்று அழுதாள். கூச்சமே இல்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். சமவெளிக்காரர்கள் அப்படித்தான், எங்களைப்போல் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கத் தெரியாது.

"காலையிலயே கொண்டுவந்து விட்டேனே! சாவியக் கூட எடுக்கலையே!"

விட்ஸ்கோ கடைக்குள்ளிருந்தபடியே குரல் கொடுத்தான். "வரிசையில வுட்டியா, ஓரமா நிறுத்திட்டுப் போனியா? ஓரமா வுட்டா எவன் நகத்துவான்? ஏழு வருஷமாச்சு, ஒரு காரை வைக்கத் தெரியல. மக்காச்சோளக் காட்டுல டிராக்டர் ஓட்டின பழக்கம் போவுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சென்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓரமாத்தான் விட்டுட்டேன் போல," என்றாள். தன் மேல் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது.

ரெனாட்டே கப்பல் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது ஃபோல்கர். என் ஒண்ணாம் வகுப்புக் குழந்தைங்க. முதல் நாள் டீச்சர் இல்லைன்னா?"

பெரீனாவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அது அவளுக்குத் தெரியும். பள்ளி திறப்பதற்கு முன்னால்தான் அவர்கள் எப்போதும் வருவார்கள். நாளைக்குக் காற்று நின்றுவிடும், நாளைக்குப் போனால்கூடச் செவ்வாய்க்குள் போய்விடலாம் என்று மனசுக்குள் சமாதானம் சொன்னாள். பிறகு எழுந்து, பச்சை கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, தெருவுக்கு இறங்கினாள்.

"அழாத சென்கா. என்ன ஆகிப்போச்சு? என் ரூம் காலியாத்தான் கிடக்கு. கீழ வந்து தங்கட்டும். அவங்களுக்குத் தெரியாத ரூமா?"

சென்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா! நீங்க மட்டும் இல்லன்னா!"

"தங்கமான மனுஷி," என்றான் விட்ஸ்கோ.

அவன் சொன்னது பெரீனாவுக்குத் தேனாக இனித்தது. அந்தக் கட்டிப்பிடிப்புதான் கொஞ்சம் அதிக நேரம் நீண்டது.

---

அன்று பெரீனா சமைத்த மாதிரி அவள் தன் கல்யாணத்துக்குக்கூடச் சமைத்திருக்க மாட்டாள். மூன்று வகை மீனைத் தக்காளியிலும் ஒயினிலும் கிளறாமல் வேகவிட்டாள். மீன் உடையாமல் சட்டியை மட்டும் குலுக்கவேண்டும். சென்கா கரண்டியைப் போட்டுக் கிண்டுவாள். பக்கத்தில் மக்காச்சோளக் களி. வெளியே காற்று திராட்சைப் பந்தலை உலுக்கிக்கொண்டிருந்தது. மேலே ப்ராக் குழந்தைகள் தடதடவென்று ஓடினார்கள். ஓடட்டும், ஓடட்டும்!

ஃபோல்கர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்காகத்தான் இத்தனை தூரம் காரோட்டி வரேன்."

"மாடியில நல்லாச் சாப்பிட்டிருப்பீங்களே," என்றாள் பெரீனா, மேஜையைத் துடைத்தபடி. இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றதல்லவா?

ரெனாட்டே புருஷனைப் பார்த்தாள். பிறகு பெரீனாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். வருஷக்கணக்காக வந்துபோனதில் எங்கள் பேச்சு அவளுக்கு நன்றாகவே வரும்.

"பெரீனா, இப்பவாவது சொல்லிடறேன். எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. இந்த வாரங்கள்ல உன் ரூம் வேற யாருக்கோ போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் நான் அழுதுட்டேன்."

"வேற யாருக்குப் போச்சு?"

"அந்த மோட்டார் சைக்கிள் பையன்களுக்கு. ஈஸ்டர் சமயத்துலயே அவங்க பேசி வெச்சுட்டாங்களாமே? உன்னால மறுக்க முடியலையாம். எங்ககிட்ட சொல்ல மனசு வராம நீ அழுதியாம். அதனால அதைப் பத்தி உன்கிட்ட மூச்சு விட வேணாம், பேசாம மாடியில தங்கிக்கோங்கன்னு யெர்கோ போன் பண்ணினார். உன் முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வந்துடும்னுதான் தலையக் குனிஞ்சுட்டே போனேன். உனக்குக் கொண்டுவந்த பிஸ்கட்டைக் கூட, நாங்க போனப்புறம் குடுன்னு சென்காகிட்டதான் வெச்சிருக்கேன்."

மேஜை துடைத்த துணி பெரீனாவின் கையிலேயே இருந்தது.

ஈஸ்டர் சமயத்தில் அந்தப் பையன்களுக்கு எங்கள் தீவு இருப்பதே தெரிந்திருக்காது.

---

யெர்கோ பின்கட்டில் காற்றுக்குப் பறக்காமல் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். பெரீனா அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஈஸ்டர்ல அவங்களுக்கு போன் பண்ணினியா?"

அவன் ஒரு விரிப்பை மடித்தான். "பண்ணினேன்."

"என்னைப் பத்திப் பொய் சொல்லி என் ஆளுங்களை அவளுக்குத் தூக்கிக் குடுத்தியா?"

"மெதுவா பேசு. ரோக்கோ போன வருஷமே மூட்டை கட்டிட்டான். மாடிக்கு யாருமே வரல, சென்கா அவ ஊருக்கே போயிடலாம்கிறா அண்ணேன்னு வந்து நின்னான். எனக்கு இருக்கறது ஒரே தம்பி. நல்ல ஆளுங்க ரெண்டு பேர் வந்து தங்கி, நாலு பேர்கிட்ட நல்லதாச் சொன்னா அவளுக்கும் ஒரு பிடிப்பு வரும்னு நெனச்சேன். இப்ப ப்ராக்லேருந்து வந்திருக்காங்களே, ஃபோல்கர் சொல்லித்தான் வந்தாங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் கொடியிலிருந்த ஒரு துவாலையை வெடுக்கென்று உருவினாள்.

"சென்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவங்களே ஆசைப்பட்டு வந்தாங்கன்னு நெனச்சுட்டிருக்கா."

பெரீனாவுக்கு ஆத்திரம் தீரவில்லை. கொடுத்ததுதான் கொடுத்தான், வேறு யாரையாவது கொடுத்திருக்கக் கூடாதா? ரெனாட்டேயைப் போயா? அதைக் கேட்கத்தான் மறுபடி வாயெடுத்தாள். அதற்குள் அவன் கடைசித் துணியையும் தோளில் போட்டுக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான்.

"அந்த இத்தாலிக்காரர் கார் ஏறும்போது கேட்டேன். உங்களுக்கு முன்னால ஒரு சாம்பல் நிறக் கார் இருந்துதேன்னு. பச்சை கவுன் போட்ட அம்மா அது இன்னிக்குப் போகாதுன்னு சொன்னாங்கன்னார்."

காற்று ஓங்கியடித்தது. பச்சை கவுன் அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

"யார்கிட்டயும் சொல்லல," என்றான் யெர்கோ. "சொல்லவும் மாட்டேன். என் பொண்டாட்டி வரிசையில இருந்த காரை நகத்தாம விட்டுட்டு வந்தாள்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

அவன் உள்ளே போனான். அவன் அடித்திருந்தால்கூட அவள் திருப்பி இரண்டு கொடுத்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அங்கேயே நின்றிருந்தபோது கல்படியில் காலடி கேட்டது. சென்கா இறங்கி வந்தாள். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் அழுகை நின்று, ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்ட முகம்.

"அக்கா, ரோக்கோ வந்தாச்சு. பேசி முடிச்சுட்டோம். நாங்க போறோம்."

"எங்க?"

"எங்க ஊருக்கு. இனிமே இங்க இல்ல. இன்னிக்கு விட்ஸ்கோ கடையில எல்லாரும் சிரிச்சாங்களே, தப்பா நினைக்காதீங்க, அவங்க சிரிச்சதுல தப்பில்ல. ஒரு காரை வரிசையில வைக்கக்கூட எனக்கு வரல. நம்பி வந்தவங்க பள்ளிக்கூடம் போக முடியாம நிக்கிறாங்க. அந்த டீச்சர் முகத்தை என்னால பாக்க முடியலக்கா. கப்பல் எப்ப போனாலும், முதல்ல அவங்க கார், பின்னாடி எங்க கார்."

"சென்கா, இங்க பாரு..."

"வேணாம்க்கா. நீங்க சமாதானம் சொல்லுவீங்க, நான் மறுபடி இருந்துடுவேன்." சிரிக்கப் பார்த்தாள். கவுன் பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்தாள். ஒன்று, கப்பல் போனபின் வீட்டுக்குத் திருப்பி ஓட்டிவந்திருந்த சாம்பல் நிறக் காருடையது. இன்னொன்று ரோக்கோவின் பழைய வெள்ளை வண்டியினுடையது.

"ரெண்டையும் நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க. நான் விட்டா மறுபடி தப்பாயிடும். வரிசை நகரும்போது கொஞ்சம் பாத்துக்கோங்க. இந்தத் தீவுல உங்களை விட்டா நான் யாரை நம்பறது?"

ஏழு வருஷமாக அவள் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று பெரீனா எத்தனை முறை நினைத்திருக்கிறாள்! மாடியில் நாற்காலி இழுபடும் ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறாள்.

சென்கா நீட்டிய கையைப் பின்னுக்கு எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ரெனாட்டேயின் சிரிப்பு கேட்டது, பெரீனாவின் சொந்த மேஜையிலிருந்து.

பெரீனா சாவிகளை வாங்கிக்கொண்டாள்.